பத்திரிகைச் சுதந்திரமும் சட்டத்தின் வரம்பும்

நமது அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைப் பகுதியைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. பேச்சுரிமையைக் கூறும் 19ஆவது விதியில் 'பத்திரிகை' என்ற சொல்லே இல்லை. குடிமக்கள் அனைவர்க்கும் பேசும் உரிமையும் கருத்தை வெளியிடும் உரிமையும் உண்டென்று மட்டும் அது சொல்லி நிற்கிறது. பத்திரிகாசிரியரும் ஒரு குடிமகனே, அவருக்கெனத் தனி உரிமை எழுதி வைக்க வேண்டுவதில்லை என்பது அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கார் கூறிய சமாதானம். அது போதுமா என்று சோதித்தறிய நெடுநாள் செல்லவில்லை.

அதற்கு முன் பழங்கதை சிறிது. 1799இல் வெல்லெஸ்லி பிரபு, பத்திரிகைகளை அச்சிடுமுன் சர்க்கார் காரியதரிசியின் பார்வைக்கு அனுப்ப வேண்டுமென்று விதித்தார். 1835இல் மெட்காஃப் கட்டுகளைத் தளர்த்தினார். 1878இல் லிட்டன் பிரபுவின் சட்டம் இந்திய மொழிப் பத்திரிகைகளை மட்டும் குறி வைத்தது. ஆங்கிலத்தில் எழுதினால் அச்சட்டம் தொடாது! ஆகவே கல்கத்தாவின் 'அமிர்த பஜார் பத்திரிகை' வங்க மொழியைக் கைவிட்டு ஆங்கில ஏடாகவே மாறிவிட்டது. 1910ஆம் ஆண்டுச் சட்டமோ பணப்பையில் கை வைத்தது. அச்சகத்தார் ஜாமீன் தொகை கட்ட வேண்டும், ஆட்சேபகரமாக ஏதேனும் வெளிவந்தால் தொகை பறிபோகும்.

இவற்றினும் எளிய ஆயுதம் ஒன்று உண்டு. அச்சிடுவதைத் தடுக்க இயலாதபோது, அச்சிட்டது வாசகன் கைக்குப் போகாமல் தடுத்துவிடுவது. பாரதியாரின் 'இந்தியா' 1908இல் புதுச்சேரிக்குச் சென்றபின், பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலச் சட்டம் செல்லவில்லை. ஆனால் பிரிட்டிஷ் எல்லைக்குள் பத்திரிகை நுழையலாகாதென்று தடை வந்தது. வாசகரெல்லாம் எல்லைக்கு இப்புறம். 1910இல் 'இந்தியா' நின்றுபோயிற்று.

நாற்பது ஆண்டு கழித்து, சுதந்திர இந்தியாவில், சென்னை ராஜ்ய சர்க்கார் அதே ஆயுதத்தை எடுத்தது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ஆங்கில வாரப் பத்திரிகை 'கிராஸ் ரோட்ஸ்'. அது சென்னை ராஜ்யத்தில் நுழையவும் பரவவும் கூடாதென 1950 மார்ச்சு முதல் தேதி உத்தரவு பிறந்தது. அதற்கு ஆதாரம் 1949ஆம் ஆண்டுச் சென்னைப் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டம். தாப்பர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார். முதலில் ஹைகோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டுமென்ற வாதம் எடுபடவில்லை.

மே 26ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பெரும்பான்மை நீதிபதிகளுக்காக எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவரே சென்னைச் சட்டத்தைத் தள்ளினார் என்பது கவனிக்கத்தக்கது. பரவ முடியாத பிரசுரத்தால் பயனில்லை, எனவே வெளியிடும் உரிமையில் பரப்பும் உரிமையும் அடங்கும் என்றார் அவர். அரசியல் சட்டம் அன்று அனுமதித்த வரம்பு, ராஜ்யத்தின் பாதுகாப்பையே குலைக்கும் எழுத்துக்கு. சென்னைச் சட்டமோ 'பொது அமைதி' என்று அகலமாக வலை வீசியிருந்தது. தெருச் சண்டையும் அதில் அகப்படும், அரசைக் கவிழ்க்கும் சதியும் அகப்படும். அப்படிப்பட்ட சட்டம் செல்லாது. நீதிபதி ஃபஸல் அலி மட்டும் மாறுபட்டார். சிறு கலகமும் வளர்ந்து ராஜ்யத்தின் பாதுகாப்பைக் குலைக்கலாமே என்பது அவர் கருத்து. அதையும் எளிதில் தள்ளிவிடுதற்கில்லை. பிரிவினைக் கலவரத்தின் நினைவு ஆறாத காலம் அது.

சர்க்கார் வாளாவிருக்கவில்லை. 1951 ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறிற்று. 'பொது ஒழுங்கு', அயல் நாடுகளுடன் நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவை வரம்புப் பட்டியலில் ஏறின. கூடவே ஒரு சிறு அடைமொழியும் ஏறிற்று: தடைகள் 'நியாயமான' தடைகளாக இருத்தல் வேண்டும். நம் எண்ணத்தில், அத்திருத்தம் கொடுத்தவற்றுள் மிகப் பெரியது அந்த ஒரு சொல்லே. எது நியாயம் என்று கேட்கும் வாய்ப்பை அது நீதிமன்றத்துக்கு அளித்தது.

1961இல் புனேயின் மராத்தி நாளிதழ் 'சகாள்' தொடுத்த வழக்கிலும் பரப்பும் உரிமையே தலைதூக்கிற்று. விலைக்கேற்பப் பக்கங்களைக் குறைக்கச் சொன்ன சட்டம் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. 1975ஆம் ஆண்டு நெருக்கடி நிலையிலோ தணிக்கை மீண்டும் வந்தது. சில ஏடுகள் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டன. ராஜத்துரோகத்தைக் குறித்த 1870ஆம் ஆண்டுப் பிரிவு 2024 ஜூலையில் அகன்றது. அவ்விடத்தில் நாட்டின் இறைமைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஊறு செய்தலைப் பற்றிய புதுப் பிரிவு அமர்ந்திருக்கிறது. அதன் வீச்சு எவ்வளவு என்பதை நீதிமன்றங்கள் அளந்து சொல்ல வேண்டும்.

1994இல் தமிழ்நாட்டிலிருந்து இன்னொரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டு ஏறிற்று. மரண தண்டனைக் கைதி ஒருவரின் சுயசரிதையை 'நக்கீரன்' வார இதழ் வெளியிட முனைந்தது; சிறை அதிகாரிகள் தடுக்க முற்பட்டனர். அவதூறு நேருமென்று அஞ்சி முன்கூட்டியே பிரசுரத்தைத் தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ சட்டத்தில் இடமில்லை, குறையிருப்பின் வெளிவந்த பின் வழக்காடலாம் என்றது கோர்ட்டு. பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு, கைதியின் அனுமதியின்றியும் அவர் வரலாற்றை இதழ் வெளியிடலாம் என்றும் கூறிற்று.