பிள்ளைக்குக் கீரை ஊட்டுவது எப்படி?

(மாதர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"என் பிள்ளை காய்கறியைத் தொடவே மாட்டேன் என்கிறான்" என்று சொல்லாத தாய் நம் பங்கில் உண்டோ? நானும் சொன்னவள்தான். என் மூத்த மகனுக்கு மூன்று வயதிருக்கும்போது, ஒரு கையில் முருங்கைக்கீரைச் சோறும் மறு கையில் புளியங்குச்சியுமாக நின்று ஊட்டினேன். அழுதுகொண்டே விழுங்கினான். வென்றுவிட்டதாக நினைத்தேன். இன்று அவன் நாற்பதை நெருங்குகிறான். இன்னமும் கீரையைக் கண்டால் தட்டை நகர்த்திவிடுகிறான். தோற்றவள் நான்தான்.

அதற்காகக் கீரையை விட்டுவிடலாமா? கூடாது. முருங்கைக்கீரை, காரட், பரங்கிக்காய் இவற்றிலுள்ள சத்தை நம் உடல் வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்கிறது. அது குறைந்தால் மாலைக்கண் வரும்; முற்றினால் பார்வையே போகும். இதைத் தடுக்கவே 1970-இல் நம் நாட்டில் குழந்தைகளுக்கு வைட்டமின் 'ஏ' கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது.

பிள்ளை மறுப்பது பிடிவாதத்தினால் அல்ல. இனிப்பை நாடுவதும் கசப்பை ஒதுக்குவதும் பிறவிக் குணம். இரண்டு வயதுக்குமேல் புதிய உணவைக் கண்டு தயங்குவதும் இயற்கையே. பழகினால் பிடிக்கும். ஆனால் ஒரே காயைப் பத்து முறையாவது சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். நாமோ மூன்றாம் முறையிலேயே கைவிட்டுவிடுகிறோம்!

இப்பழக்கம் தாயின் உணவிலேயே தொடங்குகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் நாட்களிலோ காரட் சாறு அருந்திய தாய்மாரின் குழந்தைகள், பின்னர் காரட் கலந்த கூழை அவ்வளவாக முகம் சுளிக்காமல் உண்டதாக 2001-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது.

ஆகவே தாய்மார்களே, ஆறு மாதம் நிறைந்ததும் வேகவைத்து மசித்த காயைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். துப்பினால் திட்டாதீர்கள், இரண்டு நாள் கழித்து மறுபடியும் வையுங்கள். "கீரை தின்றால் மிட்டாய் தருவேன்" என்று பேரம் பேசாதீர்கள். மிட்டாய் பரிசென்றும் கீரை தண்டனையென்றும் பிள்ளை எண்ணிக்கொள்ளும். கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வைத்து இலையை உருவச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தகப்பனும் அதையே உண்ண வேண்டும். அப்பா ஒதுக்கிவைப்பதைப் பிள்ளை உண்ணுமா?

சென்ற ஆண்டு என் பேத்தியின் தட்டில் அடிக்கடி ஒரு கரண்டி கீரை வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் என் பங்கை உண்டேன். முதலில் தள்ளினாள், பிறகு தொட்டு நக்கினாள், ஒரு மாதம் கழித்து, "ஆச்சி, இன்னும் கொஞ்சம்" என்றாள். என் மகன் இன்னும் கீரையைத் தொடவில்லை. ஆனால் மகள் எதிரில் தட்டை நகர்த்துவதை நிறுத்திவிட்டான்.

குச்சியால் ஆகாதது பொறுமையால் ஆகும். நான் காலம் கடந்து கற்றதை நீங்கள் இன்றே தொடங்குங்கள்.