கரிமச் சந்தையின் நாடி



காய்கறிச் சந்தையை நீங்கள் அறிவீர்கள். பங்குச் சந்தையைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். புகைக்கும் ஒரு சந்தை உண்டு என்று சொன்னால் உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். புகையை விலைகொடுத்து வாங்குவார் யார்? ஆயினும் அத்தகைய சந்தையொன்று ஐரோப்பாவில் 2005ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. அங்கே விற்பனையாவது புகையன்று, புகைவிடும் உரிமை. அச்சந்தைக்கு நோய் கண்டிருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்ப்பது எங்ஙனம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சந்தையின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். மின் நிலையங்களும் உருக்காலைகளும் சிமெண்டு ஆலைகளும் ஓர் ஆண்டில் மொத்தம் இவ்வளவு கரியமில வாயுவைத்தான் வெளிவிடலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் ஓர் எல்லை வகுக்கிறது. அவ்வெல்லைக்கு உட்பட்டுச் சீட்டுகள் வழங்கப்படுகின்றன. ஒரு சீட்டு, ஒரு டன் வாயுவுக்கு உரிமை. ஆண்டுக் கணக்கை முடிக்கையில், வெளிவிட்ட ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சீட்டை ஆலை திருப்பித் தரவேண்டும். தவறினால் டன்னுக்கு 100 யூரோ என 2008இல் நிறுவப்பெற்று, பின்னர் விலைவாசியோடு உயர்ந்துவரும் அபராதம் உண்டு. அபராதம் கட்டினாலும் சீட்டுக் கடன் தீராது. புகையைக் குறைத்தவன் மிஞ்சிய சீட்டை விற்கிறான். குறைக்க இயலாதவன் வாங்குகிறான். டொராண்டோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டேல்ஸ் 1968ஆம் ஆண்டிலேயே, நீர் மாசு குறித்து எழுதிய நூலில் இக்கருத்தை வெளியிட்டார்.

இனி நோய்க்கு வருவோம். 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு சீட்டின் விலை 30 யூரோவை எட்டியிருந்தது. அவ்வேளையில் செக், நெதர்லாந்து, பிரான்சு முதலிய நாடுகளின் முந்திய ஆண்டுப் புகைக் கணக்கு வெளியாயிற்று. வெளிவந்த புகையைக் காட்டிலும் வழங்கப்பட்ட சீட்டுகள் மிகுதி என்பது அப்போதுதான் தெரிந்தது. சில நாட்களுக்குள் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. அச்சீட்டுகளை 2007க்குப் பிறகு பயன்படுத்த இயலாது என்பது விதியாதலால், அவ்வாண்டின் இறுதியில் அவை சில காசுகளுக்கு வந்து நின்றன.

விலை வீழ்ந்தது என்று சொல்வது எளிது. எவ்வளவு கொடிய வீழ்ச்சி என்று எண்ணால் உரைப்பது எப்படி? ஓர் எளிய முறை உண்டு. இன்றைய விலையை, கடந்த ஓராண்டில் கண்ட உச்ச விலையால் வகுத்துப் பாருங்கள். ஈவு 1 ஆயின் சந்தை உச்சத்தில் நிற்கிறது. 0.5 ஆயின் பாதியை இழந்துவிட்டது. இஃது ஓர் அளவை. அன்றாட விலை மாற்றங்களின் திட்ட விலக்கம் மற்றோர் அளவை. அது சந்தையின் நடுக்கத்தைக் காட்டும். வாங்குவோன் கொடுக்க முன்வரும் விலைக்கும் விற்போன் கேட்கும் விலைக்கும் உள்ள இடைவெளி மூன்றாவது. அச்சம் மிகுந்த காலத்தில் இவ்விடைவெளி அகலும். கைமேல் தரும் சீட்டின் விலைக்கும், பின்னொரு நாளில் தருவதாக ஒப்பும் வாயிதா விலைக்கும் உள்ள வேறுபாட்டையும், அன்றாடம் கைமாறும் சீட்டுகளின் தொகையையும் நோக்குதல் வேண்டும்.

ஒன்று போதாதா, இத்தனை எதற்கு என்று கேட்பீர்கள். 2011 ஜனவரியில் செக் நாட்டுப் பதிவேட்டிலிருந்து சீட்டுகள் களவு போயின. கணக்கேடுகளில் பதிந்திருந்த உரிமையைக் கள்வர் கணிப்பொறி வழியே வேறு கணக்குக்கு மாற்றிவிட்டனர். ஜனவரி 19ஆம் நாள் ஐரோப்பிய ஆணையம் பதிவேடுகளில் சீட்டு மாற்றத்தை நிறுத்திவைத்தது. வாயிதா விலையோ பெரிதாக அசையவில்லை. கையில் உள்ள சீட்டு களவுப் பொருளா, நல்ல பொருளா என்று அறியாமல் வணிகர் திகைத்து நின்ற வேளையில், விலையை மட்டும் நோக்கியவனுக்கு அத்திகைப்பு புலப்பட்டிராது.

ஆனால் இவ்வளவைகளை ஒன்றாகக் கூட்டுவதில் ஓர் இடர் இருக்கிறது. ஒன்று விழுக்காட்டில் வருகிறது, ஒன்று காசில், ஒன்று டன்னில். மாம்பழத்தையும் முழத்தையும் கூட்ட இயலுமா? ஒரு மாணவன் கணக்கில் 62 பெற்றான் என்றால் நாம் ஒன்றும் அறிவதில்லை; நூறு பேரில் தொண்ணூறு பேரை விஞ்சினான் என்றால் அறிகிறோம். அதுபோல, இன்றைய இடைவெளி பழைய நாட்களில் எத்தனை பங்கு நாட்களை விஞ்சுகிறது என்று தரவரிசைப்படுத்தினால், எல்லா அளவைகளும் 0 முதல் 1 வரையுள்ள எண்களாகிவிடும். பிறகு கூட்டலாம்.

வெறுங் கூட்டலும் போதாது. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது நாள்தோறும் காலையில் வருகைப் பதிவேடுகளைப் பார்ப்பேன். வகுப்புக்கு ஒருவராக ஆங்காங்கே பத்துப் பேர் வராதிருந்தால் கவலைப்படமாட்டேன். ஒரே தெருவிலிருந்து வரும் பத்துப் பேரும் ஒரே நாளில் வராதிருந்தால் சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லியனுப்புவேன். எண்ணிக்கை ஒன்றே, பொருள் வேறு. ஐரோப்பிய மத்திய வங்கியின் வாயிலாக ஹோல்லோ, கிரெமர், லோ டூக்கா ஆகிய மூவர் 2012இல் வெளியிட்ட நிதிநெருக்கடிக் குறியீடு இந்நுட்பத்தையே கையாள்கிறது. பல பிரிவுகளும் ஒருசேர நலியும்போது, அதாவது அவற்றிடையே ஒட்டுறவு மிகும்போது, குறியீடு உயர்கிறது. நிதிச் சந்தைகளுக்கென வகுத்த இம்முறையைக் கரிமச் சந்தைக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கருவியை நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. 2007இன் இறுதியில் சீட்டின் விலை 2 காசிலிருந்து 1 காசுக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அஃது 50 விழுக்காட்டு வீழ்ச்சி! நடுக்கமானி அலறும். ஆனால் அங்கே இழப்பதற்கு என்ன இருந்தது? உயிர் போன உடலைக் கருவி காய்ச்சல் என்கிறது.

இதற்கு மறுதலையும் உண்டு. எனக்கு மிகுந்த கவலை தருவது அதுவே. 2008இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன, சீட்டுகள் தேங்கின. 2013இல் தேக்கம் 200 கோடிக்கு மேல். அவ்வாண்டு ஏப்ரலில், 90 கோடிச் சீட்டுகளின் ஏலத்தைத் தள்ளிவைக்கும் யோசனையை ஐரோப்பியப் பாராளுமன்றம் முதலில் நிராகரிக்கவே, விலை 3 யூரோவுக்கும் கீழே சென்றது. 2014 முதல் 2017 வரை பெரும்பாலும் 4 யூரோவுக்கும் 8 யூரோவுக்கும் இடையிலேயே கிடந்தது. வணிகம் ஒழுங்காக நடந்தது; சீட்டு வேண்டியவனுக்குச் சீட்டு கிடைத்தது. நிதி வல்லுநன் இதனை அமைதி என்பான். முப்பது ஆண்டுகள் உழைக்கக்கூடிய புதிய உலையை நிறுவலாமா, புகை கக்கும் பழைய உலையையே ஓட்டலாமா என்று எண்ணும் ஆலை முதல்வனுக்கோ, அவ்விலை பழையதையே ஓட்டு என்று சொல்லிற்று. சந்தை எதற்காக ஏற்பட்டதோ அது நடைபெறவில்லை. நாடி சீராக இருந்தது. நோயாளி படுக்கையை விட்டு எழவில்லை.

ஆகவேதான் பிற்காலத்தில் விலையை விடுத்துத் தேக்கத்தையே அளக்கும் முறை வந்தது. 2019 ஜனவரியில் செயற்படத் தொடங்கிய சேமிப்பு ஏற்பாட்டின்படி, புழக்கத்திலுள்ள உபரிச் சீட்டுகள் 83 கோடியே 30 லட்சத்தைத் தாண்டினால் ஒரு பகுதி ஏலத்துக்கு வராமல் சேமிப்புக்குச் செல்லும். 40 கோடிக்குக் கீழே இறங்கினால் 10 கோடி வெளிவரும். விலை மிகையாக ஏறுவதற்கும் சட்டத்தில் ஓர் அளவை இருக்கிறது. ஆறு மாதச் சராசரி விலை, அதற்கு முந்திய இரண்டாண்டுச் சராசரியைப் போல் 2.4 மடங்கைக் கடந்தால், சேமிப்பிலிருந்து 7 கோடியே 50 லட்சம் சீட்டுகள் விடப்படும். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்னர் அம்மடங்கு 3 ஆக இருந்தது.

அதே 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் இந்திய அரசும் கரிம வணிகத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஆதலின் இக்கணக்குகள் உங்களுக்கு அயலார் கணக்குகள் அல்ல.

பழைய வழக்கம் விடவில்லை. ஒரு கணக்குக் கொடுத்தே விடைபெறுகிறேன். 2022 பிப்ரவரித் தொடக்கத்தில் சீட்டின் விலை 95 யூரோவுக்கு மேல் சென்றது. உக்ரைன் போர் அம்மாதம் 24ஆம் நாள் மூண்டது. மார்ச் 7ஆம் நாள் விலை 60 யூரோவுக்கும் கீழே இருந்தது. 60ஐ 95ஆல் வகுத்து ஈவைக் காணுங்கள். 2006ஆம் ஆண்டு ஏப்ரல் வீழ்ச்சிக்கும் அவ்வாறே கண்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள். முன்னது போரால் வந்தது. பின்னது தவறான கணக்கால் வந்தது. இவ்வேறுபாட்டை அந்த ஈவு காட்டுகிறதா என்றும் பாருங்கள்.