கிடை நாயின் மெலிவும் அதனைத் தேற்றும் முறையும்



கால்நடை வளர்ச்சியைப் பற்றி நாம் கூடிப் பேசும்போதெல்லாம் பசுவும் எருமையும் ஆடும் கோழியும் பேச்சில் இடம் பெறுகின்றன. இவற்றைக் காத்து நிற்கும் நாயைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. வேடசந்தூர், குஜிலியம்பாறை, வடமதுரைப் பகுதிகளின் மானாவாரி நிலங்களிலே செம்மறி ஆட்டுக் கிடை போடுகின்றவர்கள் நாயின் அருமையை நன்கு அறிவர். இரவு முழுவதும் கிடையைச் சுற்றி வந்து காவல் புரியும் அந்த நாய்க்கு விடிந்ததும் கிடைப்பது பெரும்பாலும் நீர்த்த கஞ்சியே. பகலில் ஆடுகளோடு நடக்க வேண்டும். இரவில் விழித்திருக்க வேண்டும். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் என்னும்படி அது மெலிந்து போவதில் வியப்பில்லை. அத்தகைய நாயைத் தேற்றி, உடம்பிலே தசை பிடிக்கச் செய்வது எவ்வாறு என்பதைப் பற்றியே இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறோம். இது நாய்க்காக மட்டும் கூறும் பேச்சன்று. ஆட்டு மந்தையின் நலமும் நம் குழந்தைகளின் நலமும் இதனோடு பிணைந்துள்ளன என்பதைப் பின்னர்க் காண்போம்.

மெலிந்திருப்பதெல்லாம் நோயன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நம் தென்பாண்டிச் சீமையின் கன்னி, சிப்பிப்பாறை ஆகிய இனங்கள் ஓடுவதற்கென்றே அமைந்தவை. ஒடுங்கிய வயிறும், ஆழ்ந்த மார்பும், நீண்ட கால்களும் அவற்றின் இயற்கை. கடைசி விலா எலும்புகள் இரண்டொன்று தெரிவது அவற்றிற்குக் குறையாகாது. ராஜபாளையமும் கோம்பையும் அவற்றைவிடச் சற்றுப் பருத்த உடல்வாகு உடையவை. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நாயினங்களைப் பற்றி வெளியிட்ட தபால் தலைகளுள் ராஜபாளையமும் ஒன்று; அந்தத் தபால் தலையிலுள்ள நாயைக் கூடக் கொழுத்த நாய் என்று எவரும் சொல்ல முடியாது. பட்டணத்தில் சிலர் சிப்பிப்பாறையை வாங்கி வந்து, அயல்நாட்டு நாயைப் போல் அது உருண்டு திரண்டிருக்க வேண்டுமென்று நெய்ச் சோறு ஊட்டுகின்றனர். ஓடும் பிராணிக்கு இது பெருந்தீங்கே.

அப்படியாயின் உண்மையான மெலிவை அறிவது எங்ஙனம்? கண்ணைவிடக் கையே இதற்கு நல்ல கருவி. இடது கையை மூடி, விரல் முட்டிகளின் மீது வலக்கை விரலால் தடவிப் பாருங்கள். நாயின் விலாவைத் தடவும்போது அதே மேடுபள்ளம் தட்டுப்பட்டால் நாய் மெலிந்து விட்டது என்று பொருள். இடக்கையை விரித்து, புறங்கையைத் தடவினால் மெல்லிய தோலுக்கடியில் எலும்பு தெரிகிறதே, அதைப் போலிருந்தால் போதுமான உடல்நிலை. உள்ளங்கையைத் தடவுவது போல் மெத்தென்றிருந்தால் கொழுப்பு மிகுந்து விட்டது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக் கொண்டு, தொடைச் சதை வற்றிக் காணப்படுமாயின் காலந்தாழ்த்தலாகாது.

மெலிந்த நாயைக் கண்டதும் தீனியை இரட்டிப்பாக்குவதே பலர் செய்யும் முதற் காரியம். அதற்கு முன் அது ஏன் மெலிந்தது என்று கேட்க வேண்டும். ஈற்றை உயர்த்திப் பாருங்கள். செந்நிறமாக இல்லாமல் வெளுத்திருந்தால் குடலிலே கொக்கிப்புழு இருந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது, அல்லது உண்ணி கடித்ததனால் வந்த காய்ச்சல் நாயின் இரத்தத்தைக் கெடுத்திருக்கிறது என்று ஐயுற வேண்டும். குட்டிகளின் வயிறு மட்டும் பானை போல் உப்பி, முதுகு வற்றியிருந்தால் பெரும்பாலும் உருண்டைப்புழுவே காரணம். இத்தகைய நாய்க்கு எவ்வளவு கொட்டினாலும் அதிற் பெரும்பகுதி புழுவுக்கே போய்ச் சேரும். ஒரு சிறு டப்பாவில் புதிய சாணத்தை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திற்குச் சென்றால் எந்தப் புழு என்பதைச் சோதித்துக் கூறிவிடுவர். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுத்து வருதல் நன்று. காது மடல்களுக்குள்ளும் விரலிடுக்குகளிலும் உண்ணி பார்த்து நீக்குவதோடு, அது படுக்குமிடத்தின் கல்லிடுக்குகளையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாங்கி வைத்த புழு மருந்தை அல்லது உண்ணி ஊசியைக் கண்ணளவாக நாய்க்குப் போடாதீர்கள். அளவு மிகுந்தால் நாய் வலிப்புக் கண்டு இறந்துவிடும்.

இனி உணவு. கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றி உடம்பை நிரப்பாது. 60 கிராம் அரிசியை ஒரு லிட்டர் நீரில் கரைய வைத்த கஞ்சியில் இருப்பது ஏறத்தாழ 200 கலோரி மட்டுமே. 15 கிலோ எடையுள்ள உழைக்கும் நாய்க்கு நாளொன்றுக்கு 900 முதல் 1000 கலோரி வரை வேண்டும். அதிலும் தசை வளர வேண்டுமானால் புரதச் சத்து வேண்டும். கஞ்சியில் அது மிகக் குறைவு.

இதற்குக் கடைச்சரக்கைத் தேடி ஓட வேண்டியதில்லை. நம் புன்செய் நிலத்தில் விளையும் கம்பு 150 கிராம் எடுத்து மாவாக்கி நன்றாக வேக வைத்த களி, வேகவைத்த முட்டை இரண்டு, கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழியின் கழிவுக் கறி 100 கிராம் எலும்பு நீக்கி வேக வைத்தது, கடலை எண்ணெய் இரண்டு தேக்கரண்டி ஆகிய இவ்வளவையும் கலந்து கொடுத்தால் மேற்கூறிய அளவு ஏறக்குறைய நிறைவேறிவிடும். கம்பு இல்லாவிடின் சோளம் அல்லது அரிசிச் சோறு. கறி இல்லாத நாளில் மேலும் ஒரு முட்டையும், கொள்ளை நன்கு குழைய வேக வைத்து ஒரு கையளவும் சேர்க்கலாம். இவ்வுணவில் சுண்ணாம்புச் சத்து குறைவாதலால், முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மாவு போல் இடித்து நாளுக்கு அரைத் தேக்கரண்டி கலந்துவிடுவது நல்லது. முட்டை வாங்கவே வசதியற்ற வீட்டில் நாய்க்கு முட்டையா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரே இரவில் கிடையில் இறங்கும் வெறிகொண்ட தெருநாய்க் கூட்டம் எத்தனை ஆடுகளைக் கடித்துப் போடும் என்பதை அறிந்தவர்கள் இக்கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

சேர்க்கத் தகாதவற்றையும் இங்கே கூறியாக வேண்டும். திண்டுக்கல் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன சந்தை. ஆகவே நம் வீட்டு மிச்சச் சாம்பாரில் வெங்காயம் இல்லாமற் போவது அரிது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைத்து விடும். ஏற்கெனவே சோகை பிடித்த நாய்க்கு இது இரட்டைக் கேடு. பிரியாணி மிச்சமும் இதில் சேர்ந்ததே. வெங்காயத்தோடு வெந்த எலும்புத் துண்டும் அதில் இருக்கும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் மாடு தின்னாதென்று நாய்க்குப் போடுகின்ற வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்பூஞ்சண நஞ்சு நாயின் ஈரலை மாட்டைவிட விரைவில் அழிக்கும்.

பல நாள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்த நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையப் போடுவது இரக்கம் போல் தோன்றினாலும் ஆபத்தானது. நெடும்பட்டினிக்குப் பின் திடீரென்று மிகுந்த உணவு சேர்ந்தால் இரத்தத்திலுள்ள உப்புச் சத்துகள் நிலைகுலைந்து இதயமே நின்றுவிடக் கூடும். முதல் இரண்டு நாட்களுக்கு வேண்டிய அளவில் கால் பங்கை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாட்களில் முழு அளவுக்கு வரவேண்டும்.

உணவு கொழுப்பைத் தரும்; தசையைத் தருவது உழைப்பு. கிடை நாய்க்கு நடை போதாது என்ற பேச்சே இல்லை. அதற்குக் குறைவது தீனியும் ஓய்வும்தான். நகரத்து வீட்டு வாயிலில் நாளெல்லாம் சங்கிலியில் கிடக்கும் நாயின் கதை வேறு. பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊரில் நாயையும் பூட்டியே வைத்திருக்க வேண்டுமென்ற விதி ஏதுமில்லை. அதனைக் காலையிலும் மாலையிலும் 15 நிமிடம் நடத்திச் சென்று, வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டலாம். மூன்று நான்கு வாரம் கழிந்து உடம்பு சற்றுத் தேறியதும் குளத்துக் கரையின் சரிவிலே மெல்ல ஏற்றி இறக்கினால் பின்னந்தொடைச் சதை நன்கு திரளும். தார்ச்சாலை கொதிக்கும் நேரத்தில் நாயை நடத்தலாகாது. ஆழ்ந்த மார்புடைய இனங்கள் உண்ட உடனே ஓடினால் வயிறு உப்பி முறுக்கிக் கொண்டு சில மணி நேரத்தில் உயிர் போகும். ஆதலின் தீனிக்குப் பின் இரண்டு மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும்.

முன்னேற்றத்தை நிறுத்துப் பார்த்தே அறிய வேண்டும். ஆடு நிறுக்கும் தொங்கு தராசிலே சாக்கைத் தொட்டில் போலக் கட்டி வாரத்திற்கு ஒரு நாள் நிறுக்கலாம். 15 கிலோ இருக்க வேண்டிய நாய் 11 கிலோவாக இருந்தால் வாரத்திற்கு 200 கிராம் ஏறுவது போதும். ஐந்து மாதம் ஆகும், அவசரம் வேண்டாம். மூன்று வாரம் நல்ல தீனி கொடுத்தும் எடை ஏறவில்லையெனில் நோய் உள்ளே இருக்கிறதென்று கொண்டு கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

தொடக்கத்தில் மந்தையின் நலம் என்றோமே, அதற்கு இப்போது வருகிறோம். பசித்த நாய் செத்த ஆட்டைத் தேடும். கிடையில் ஓர் ஆடு தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொண்டு வட்டமிட்டுச் சுற்றி, கண் தெரியாமல் முட்டி மோதிச் சாவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டின் மூளையிலே நீர்க்கட்டி இருக்கும். அந்தத் தலையை நாய் தின்றால் கட்டியிலுள்ள புழுத்தலைகள் நாயின் குடலில் நாடாப்புழுவாக வளர்கின்றன. அப்புழுவின் முட்டைகள் சாணத்தோடு மேய்ச்சல் புல்லில் விழ, அதை மேய்ந்த ஆட்டுக்கு மூளைக் கட்டி வருகிறது. இவ்வாறு நம் நாயே நம் ஆட்டைக் கொல்லும் நோயைச் சுமந்து திரிகிறது. இவ்வகை நாடாப்புழு நாயை அதிகமாக மெலியச் செய்வதுமில்லை. ஆகவே நாய் கொழுத்திருக்கிறதே என்று மருந்தைத் தவிர்க்கலாகாது. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் காணும் மற்றொரு வகை நீர்க்கட்டியும் இதே வழியில்தான் பரவுகிறது. அதன் முட்டை நாயைத் தடவிய கையோடு குழந்தையின் வாய்க்குப் போனால் மனிதரின் ஈரலிலும் கட்டி வளரும்.

நாடாப்புழுவைப் போக்கும் பிராசிகுவாண்டல் மருந்தை மருத்துவர் கூறும் அளவில் கொடுத்த பின் இரண்டு மூன்று நாட்களுக்கு நாயைக் கட்டி வைத்து, அதன் சாணத்தைப் புதைத்துவிட வேண்டும். ஏனெனில் அம்மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி முட்டைகளைக் கொல்லாது. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதிலும், பின்னர் ஆண்டுதோறும் போட வேண்டும் என்பதை யாவரும் அறிவீர்கள். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விக்கும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்ந்தது.

பஞ்சாயத்து உறுப்பினர்களிடம் நாம் கேட்டுக் கொள்வது ஒன்று உண்டு. செத்த ஆடுமாடுகளை ஓடைக்கரையில் எறிவதற்குப் பதிலாக, ஊருக்குப் புறத்தே நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழியெடுத்து, சுண்ணாம்பு தூவிப் புதைக்க ஓர் இடம் ஒதுக்குங்கள். ஆடி மாதத்தில் ஊர்தோறும் கிடாவெட்டு நடக்கும். தலை, குடல், ஈரல் கழிவுகள் அன்று நாய்களுக்கு வீசப்படுகின்றன. திருவிழாவுக்கு முன்பே அக்குழியைத் தயாராக்கி, அறுக்கும் இடத்திலிருந்து கழிவு நேரே அங்கே போய்ச் சேருமாறு ஓர் ஆளை நியமியுங்கள். நாய்க்குக் கொடுக்க விரும்பும் பகுதியை அரை மணி நேரம் கொதிக்க வைத்துக் கொடுக்கலாம். திருவிழா முடிந்த ஆறாவது வாரத்திற்குள் ஊர் நாய்கள் அனைத்திற்கும் ஒரே நாளில் புழு மருந்து கொடுக்கக் கால்நடை மருந்தகத்தோடு முன்கூட்டியே பேசி வைத்துக் கொள்ளுங்கள்.