திரைக்குப் பின்னே ஒரு துயரம்

(யூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இணையத்தில் மூழ்கிக் கிடப்பவர்கள் பிள்ளைகளே என்று நாம் எண்ணுகிறோம். பெரியவர்களும் விலக்கல்லர். இங்கிலாந்து நாட்டின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 16 முதல் 51 வயது வரையிலான 1,319 பேரிடம் வினவி, 2010-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இணையத்திற்கு அடிமையானோர் 1.2 விழுக்காட்டினரே. ஆனால் மற்றவர்களைவிட அவர்களிடம் மனச்சோர்வு மிகுந்திருந்தது.

இணையம் மனச்சோர்வைத் தந்ததா, மனம் சோர்ந்தவர்கள் இணையத்தை நாடினார்களா? அந்த ஆய்வால் இதைச் சொல்ல இயலவில்லை. நமக்குரிய பாடம் இங்கேதான் இருக்கிறது. நள்ளிரவிலும் கைப்பேசியும் கையுமாக இருப்பவரைக் கண்டால், "பொழுதை வீணாக்குகிறார்" என்று தீர்ப்பிட்டுவிடுகிறோம். துணையை இழந்த துக்கமோ, கடன் சுமையோ, வேலை போன வெட்கமோ அவரை உறங்க விடவில்லை என்றால்? கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் துயரம் போய்விடாது.

எம்மாவு வழியில் முகவாட்டத்தோடு நடந்த சீடர்களைக் கடிந்துகொள்வதற்கு முன்பு, ஆண்டவர் அவர்களோடு நடந்தார். அவர்கள் சொல்வதைக் கேட்டார். யூபிலி ஆண்டில் நாமும் அவ்வாறே செய்வோம். கைப்பேசியில் வாழ்த்து அனுப்புவதோடு நில்லாமல், அயலாரின் வாசற்படி ஏறுவோம். சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், செபத்தோடு மருத்துவரையும் நாடச் செய்வோம். அது விசுவாசக் குறைவு அன்று. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் இலவசமாகப் பேசலாம்.

நம் பங்கில் எவரும் தனிமையில் வாடாதிருக்க இறைவன் அருள்வாராக!