வீட்டுப் பூனைக்கும் நாய்க்கும் கருத்தடை



தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாயும் பூனையும் புதியவை அல்ல. விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும்போது பின்னாலேயே ஓடிவரும் நாய்; அடுப்படியில் சாம்பல் சூட்டில் சுருண்டு கிடக்கும் பூனை. இவற்றோடு இன்னொரு காட்சியும் நமக்குப் பழக்கந்தான். பூனை ஐந்து குட்டி போடும். இரண்டைப் பக்கத்து லயத்தில் யாராவது கேட்டு வாங்கிக்கொள்வார்கள். மிச்சம் மூன்றையும் ஒரு சாக்கில் போட்டுப் பையன்களிடம் கொடுத்து, "ஆத்தோரமா விட்டுட்டு வாங்கடா" என்று அனுப்பிவிடுவார்கள். ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்தபோது அந்தச் சாக்கை இரண்டு முறை சுமந்திருக்கிறேன். உள்ளேயிருந்து வந்த சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. கொடுத்தனுப்பிய என் பாட்டி கொடுமைக்காரி அல்லர். வேறு வழி இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த வேறு வழியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் பிழைக்க வந்து தங்கிவிட்ட சிங்கப்பூரில் இது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா என்று பெயர்ப்பலகையில் இருக்கும் இடத்தை நம்மவர்கள் தேக்கா என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது மாட்டுத் தொழுவங்கள் நிறைந்த இடம். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று தெருப் பெயர்கள் இன்றும் அதைச் சொல்கின்றன. மலாயில் கெர்பாவ் என்றால் எருமை அல்லவா? வண்டி மாடு கட்டியவர் எவருக்கும் காயடித்தல் என்பது தெரியாத செய்தியன்று. காளைக்குக் காயடித்தால் முட்டாது, முரண்டு பிடிக்காது, சொன்ன வழியில் போகும். அன்று அதை மயக்க மருந்து இல்லாமல், மாட்டைக் கட்டிப் போட்டுச் செய்தார்கள். இன்று நாய்க்கும் பூனைக்கும் கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் செய்கிறார். ஆணுக்கு விரைகளை எடுத்துவிடுவார். சில நிமிட வேலை. பெட்டைக்கு வயிற்றைச் சிறிதாகத் திறந்து சூலகங்களையும், பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து எடுப்பார். இது சற்றே பெரிய அறுவை.

கருத்தடை என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டத்துப் பெண்களில் சிலர் முகம் சுளிப்பதை நான் அறிவேன். மனிதருடைய கருத்தடை அவரவர் மனமறிந்து, சம்மதித்துச் செய்யவேண்டியது. அதில் கட்டாயமும் ஆசைகாட்டலும் நடந்த கதைகள் இலங்கை மலையகத்தில் உண்டு. பூனையோ சம்மதம் சொல்லவும் மறுக்கவும் இயலாத உயிர். அதற்காக முடிவெடுப்பது வளர்ப்பவர் பொறுப்பாகிவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள், நாய்க்கும் அப்படியே. பெட்டைக் குட்டி ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சில நான்கு மாதத்திலேயே வரும். பூனையின் பருவம் பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பொறுத்தது. குளிர் நாடுகளில் பகல் குறுகும்போது அது ஓய்ந்துவிடும். நமக்கோ ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரப் பகல். ஆகவே ஓய்வே இல்லை. ஜனவரியில் ஒரு பூனை சினையானால் மார்ச்சில் நான்கு குட்டி. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். ஜூலையில் நான்கு, நவம்பரில் நான்கு. மார்ச்சில் பிறந்தவற்றில் இரண்டு பெட்டை என்றால் அவையும் நவம்பரில் ஆளுக்கு நான்கு போடும். ஓராண்டுக்குள் ஒன்று இருபத்தொன்றாகிவிடுகிறது. சில துண்டுத்தாள்களில் ஒரு பூனை சில ஆண்டுகளில் லட்சக்கணக்காகப் பெருகும் என்று அச்சடித்திருப்பார்கள். எல்லாக் குட்டியும் பிழைத்தால்தானே அந்தக் கணக்கு! பாதிக்கு மேல் பட்டினியிலும் நோயிலும் வண்டிச் சக்கரத்திலும் போய்விடும். என்னைக் கேட்டால், கருத்தடைக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கது அந்த லட்சக் கணக்கன்று. இந்தச் சாவுக் கணக்குத்தான்.

சிங்கப்பூரின் கதைக்கு வருவோம். அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் பூனை வளர்க்கக்கூடாது என்று 1989ஆம் ஆண்டு முதல் விதி இருந்தது. பூனை வீட்டுக்குள் அடங்கி நிற்காது, இரவில் கத்தும், முடி உதிரும் என்பன காரணங்கள். விதி இருந்தால் மட்டும் பூனை இல்லாமல் போய்விடுமா? சிலர் ஒளித்து வளர்த்தார்கள். மற்றவை கீழ்த்தளத்தில், சந்தையோரத்தில், சாக்கடைப் பக்கம் திரிந்தன. 1998ல் அரசாங்கம் ஒரு நல்ல காரியம் தொடங்கியது. தெருப்பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டுப் பராமரிக்கும் திட்டம் அது. மறு ஆண்டே பூனை நலச் சங்கம் தோன்றியது.

2003ல் சார்ஸ் நோய் வந்தது. சீனாவில் புனுகுப் பூனையிடம் அந்தக் கிருமியைக் கண்டதாகச் செய்தி வெளியானது. புனுகுப் பூனை பெயரில்தான் பூனை, இனம் வேறு. ஆனால் அச்சம் இனம் பார்ப்பதில்லை. அந்த ஆண்டு திட்டம் நிறுத்தப்பட்டது. தெருப்பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன. ஐந்தாண்டு உழைத்தவர்கள் மனம் உடைந்து போனார்கள். கொன்றதால் பூனைத் தொல்லை தீர்ந்ததா என்றால், இல்லை. ஓரிடத்தில் பூனையை அகற்றினால், அங்கே தீனியும் ஒதுங்க இடமும் இருக்கும்வரை, அடுத்த தெருப் பூனை வந்து குடியேறிவிடும். கருத்தடை செய்த பூனை அதே இடத்தில் இருந்தால் தன் எல்லையைப் பெரும்பாலும் காத்துக்கொள்ளும், குட்டியும் போடாது. அதனால் தொண்டர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். சிங்கப்பூரில் காது நுனி வெட்டப்பட்ட பூனையைப் பார்த்தால் யாரோ அடித்துவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள். கருத்தடை ஆனதற்கு அது அடையாளம். மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டுவது.

நாய்களின் நிலை வேறு. கட்டுமானத் தளங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் காவலுக்கு நாய் வைப்பார்கள். வேலை முடிந்ததும் ஆட்கள் வேறு தளத்துக்குப் போய்விடுவார்கள். நாய் அங்கேயே நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிமார் பலர் தங்கள் சோற்றில் பாதியை அவற்றுக்குப் போடுவதை நான் கண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, சோறு போட்டா குட்டி போடுது, போடாட்டி செத்துப் போவுது. நான் என்ன செய்ய?" நியாயமான கேள்வி. 2018 நவம்பரில் அரசாங்கம் தெருநாய்களுக்கும் ஐந்தாண்டுத் திட்டம் கொண்டுவந்தது. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் கருத்தடை செய்வது நோக்கம். வளர்க்கத் தக்கவற்றுக்கு வீடு தேடுவது, மற்றவற்றை ஏற்ற இடத்தில் விட்டுக் கவனிப்பது. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1960களிலிருந்து வலியுறுத்திய வழியும் இதுவே. 1990களின் நடுவில் மாநகராட்சி அதை ஏற்றது. 2001ல் இந்திய அரசே அதற்கு விதிகள் வகுத்தது.

வீட்டில் வளர்க்கும் நாய்க்கும் சிங்கப்பூர் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டு உரிமக் கட்டணம் 15 வெள்ளி; செய்யாத, ஐந்து மாதம் கடந்த நாய்க்கு 90 வெள்ளி. பணம் பேசினால் பலருக்குக் காது கேட்கும்!

பூனைக்கு விதித்த தடையோ முப்பத்தைந்து ஆண்டுக்குப் பின் 2024 செப்டம்பர் முதல் நாள் நீங்கியது. ஒரு வீட்டில் இரண்டு பூனை வைத்துக்கொள்ளலாம்; உரிமம் வேண்டும், உடம்பில் அடையாளச் சில்லு வேண்டும். உரிமம் எடுக்க 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களின் பூனைகளுக்கு இலவசமாகக் கருத்தடை செய்யவும் ஏற்பாடு வந்தது.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா தேக்கா பக்கத்து அடுக்குமாடியில் இருக்கிறார். தடைக் காலத்தில் தாயும் மகளுமாக இரண்டு பூனைகளை ஒளித்து வளர்த்தார். மருத்துவரிடம் கொண்டுபோனால் அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்று பயம். இன்னொன்றும் சொல்வார்: "பாவம் தம்பி, அதுங்களுக்கும் ஆசை இருக்காதா? அதான் ஒரு தடவை குட்டி போட்டுச்சு. இதுவும் ஒரு தடவையாவது தாயாகட்டும்." ஒருமுறை ஈன்றால்தான் உடம்புக்கு நல்லது என்று நம்மில் பலரும் நம்புகிறோம். அதற்கு ஆதாரம் இல்லை. பருவம் வந்து வந்து போகும் பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வரலாம். பருவம் முடிந்து சில வாரத்தில் தீனி எடுக்காது, தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கும், வயிறு வீங்கும். சிலவற்றுக்குச் சீழ் வெளியே வரும், சிலவற்றுக்கு வராது. வெளியே வராததுதான் பேராபத்து. அக்காவின் தாய்ப்பூனைக்கு வந்தது அதுவே. சூடு என்று எண்ணி இளநீர் கொடுத்துப் பார்த்தார். நான்காம் நாள் போய்ச் சேர்ந்தது.

கருத்தடையால் அந்த நோய்க்கு வழியே அநேகமாக இல்லாமல் போகிறது. இளவயதிலேயே செய்தால் மடிப் புற்று வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கடுவன் பூனை ஊர் சுற்றுவதும், சுவரில் மூத்திரம் பீய்ச்சுவதும், சண்டையில் கடிபட்டு நோய் வாங்கி வருவதும் குறையும். தெருவில் திரியும் நாய்களிடையே இணைசேர்க்கையால் பரவும் ஒருவகைப் புற்று உண்டு. பிறப்புறுப்பில் இரத்தம் கசியும். அதற்கும் இது தடுப்பு. ஆனால் காவல் காக்காது, சோம்பிவிடும் என்பது வீண் பேச்சு. நாய் குரைப்பது வீட்டுப் பற்றினால். உடம்பு போடும் என்பது மட்டும் பாதி உண்மை. பசி கூடும், ஆகவே தீனியைச் சற்றுக் குறைக்க வேண்டும். பெரிய சாதி நாய்களுக்கு எலும்பு முதிரும்வரை காத்திருப்பது நல்லது என்றும் சொல்கிறார்கள். மருத்துவரைக் கேட்டே வயதைத் தீர்மானியுங்கள். குட்டி பிறக்காமலிருக்க ஊசி போட்டுக்கொண்டே இருப்பது மலிவாகத் தோன்றும்; நான் சொன்ன அந்தச் சீழ் நோய்க்கே அது வழி திறந்துவிடும்.

அறுவைக்கு எத்தனை மணி நேரம் பட்டினி போடவேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார்; அதை மீறாதீர்கள், பாசத்தால் ஒரு வாய்கூட ஊட்டாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் பத்து, பதினான்கு நாள் குளிப்பாட்டக் கூடாது, காயத்தை நக்கவிடக் கூடாது. மஞ்சள், எண்ணெய், காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். வலிக்கிறதே என்று நாம் விழுங்கும் பனடோல் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள்; ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். ஆணுக்குச் செய்தபின்னும் சில வாரம் பெட்டையிடமிருந்து பிரித்தே வையுங்கள். வெறிநாய்க்கடி ஊசி தனி. கருத்தடை அதற்கு ஈடாகாது. சிங்கப்பூரில் 1953 முதல் அந்த நோய் இல்லை. மலேசியாவில் 2017ல் சரவாக்கில் அது தலைகாட்டி ஆட்களைப் பலி வாங்கியது. தோட்டத்தில் நாய் வைத்திருப்போர் இரண்டையும் செய்யவேண்டும்.

அந்த அக்கா 2024 கடைசியில் மகள் பூனையைக் கொண்டுபோய்க் கருத்தடை செய்துகொண்டு வந்தார். கூடப் போனவன் நான்தான். பூனைக் கூடையைத் துணி போட்டு மூடப் போனேன். "வேணாம் தம்பி, இனிமே எதுக்கு?" என்று துணியை என் கையிலிருந்து வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மின்தூக்கியில் ஏறிய பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் கூடைக்குள் எட்டிப் பார்த்து, அதன் பெயர் என்ன என்று கேட்டார்.