பிரிஞ்சு போற உரிமை இருக்கா? அண்ணா எதை விட்டார், எதை விடலை

(தாம்பரத்தில் இணைய அணித் தோழர்களுக்கான பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டு ஷேர் பண்ணுங்க.)

பல்லாவரம், குரோம்பேட்டை, செலையூர், மேடவாக்கம், வண்டலூர்னு ஞாயித்துக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு வந்திருக்கிற உடன்பிறப்புகளுக்கு முதல் நன்றி.

நேரா விஷயத்துக்கு வர்றேன். டெல்லியில இருந்து ஏதாவது ஒரு அறிவிப்பு வருது. நிதி வரலை, மசோதா திரும்பி வருது, இந்தி சுற்றறிக்கை வருது. உடனே நம்ம பசங்க கமெண்ட்ல ஒரே வரி: "தனி நாடு கேட்டா என்ன தப்பு?" கோபம் புரியுது. ஆனா அந்த ஒரு வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுக்க எதிர்த்தரப்புல ஒருத்தன் தயாரா உட்கார்ந்திருக்கான். அதுக்கப்புறம் மூணு நாள் நாம நிதியைப் பத்திப் பேச மாட்டோம். "நாங்க பிரிவினைவாதி இல்ல"ன்னு விளக்கம் கொடுத்துக்கிட்டு இருப்போம். அதனாலதான் இன்னைக்கு இந்தத் தலைப்பு. ஒரு மாநிலத்துக்கு நாட்டை விட்டுப் பிரிஞ்சு போற உரிமை இருக்கா, இல்லையா?

சட்டப்படி பதில் ஒரே வார்த்தை: இல்லை. நான் படிச்சது இன்ஜினியரிங், சட்டம் இல்ல. ஆனா இதுக்கு வக்கீல் தேவையில்லை, அரசியல் சட்டத்தோட முதல் பிரிவே போதும். இந்தியா மாநிலங்களின் ஒன்றியம்னு அது சொல்லுது. நாம "ஒன்றிய அரசு"ன்னு சொன்னதும் சிலருக்கு எரிச்சல் வருதே, அந்தச் சொல் அங்கே இருந்துதான் வருது. ஆனா அதே சொல்லுக்கு அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில கொடுத்த விளக்கத்தையும் நாம படிக்கணும். இந்தக் கூட்டாட்சி மாநிலங்கள் உட்கார்ந்து பேசிப் போட்ட ஒப்பந்தத்தால வந்தது இல்ல, அதனால எந்த மாநிலத்துக்கும் விலகிப் போற உரிமை இல்ல, அதைத் தெளிவுபடுத்தத்தான் "ஒன்றியம்"ங்கிற சொல்னு சொன்னார். பாதியை மட்டும் எடுத்து மீம் போட்டா மீதியை அவன் எடுத்துப் போடுவான்.

மூணாவது பிரிவு இன்னும் சுவாரசியம். மாநிலம் ஒன்றியத்தை விட்டுப் போக முடியாது. ஆனா ஒன்றியம் மாநிலத்தைப் பிரிக்கலாம், சேர்க்கலாம், எல்லையை மாத்தலாம், பேரையே மாத்தலாம். மாநிலச் சட்டமன்றத்தோட கருத்தைக் கேட்டாப் போதும், சம்மதம் தேவையில்லை. 2014 ஜனவரியில ஆந்திர சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரிச்சது. ஜூன்ல தெலங்கானா பிறந்தது. தெலங்கானா மக்கள் கேட்டது நியாயம், அதுல எனக்கு மாறுபாடு இல்ல. நான் சொல்றது நடைமுறையைப் பத்தி. 2019 ஆகஸ்ட்ல ஜம்மு காஷ்மீர் ரெண்டு யூனியன் பிரதேசமா ஆனப்போ கருத்து சொல்ல அங்கே சட்டமன்றமே இல்ல, அது கலைக்கப்பட்டிருந்தது. பிரிஞ்சு போற உரிமையைப் பத்திக் கத்துற நேரத்துல, மாநிலம் மாநிலமாவே இருக்கிற உரிமை எவ்வளவு மெலிசா இருக்குன்னு யாராவது பதிவு போட்டோமா?

இப்போ நம்ம வரலாறு. எதிரிகள் இதை எடுக்கும்போது நாம நெளியக் கூடாது. ஆமாம், நாம கேட்டோம். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல "தமிழ்நாடு தமிழருக்கே"ங்கிற முழக்கம் எழுந்தது. 1940-ல திருவாரூர் நீதிக்கட்சி மாநாட்டுல திராவிட நாடு தீர்மானம் வந்தது. 1949 செப்டம்பர் 17-ல கழகம் பிறந்தப்போ அந்தக் கோரிக்கையோடதான் பிறந்தது. 1962 தேர்தல்ல அண்ணா காஞ்சிபுரத்துல தோத்தார், ஆனா கழகம் 50 இடம் ஜெயிச்சது. அதே வருஷம் மாநிலங்களவைக்குப் போய், தன்னோட முதல் பேச்சுலயே திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை கேட்டார். ஒளிச்சு மறைச்சு இல்ல, நாட்டோட அவையில, பிரதமர் நேருவோட ஆட்சியில.

அந்த வருஷ அக்டோபர்ல சீனப் போர். கழகம் கோரிக்கையை ஒதுக்கி வெச்சிட்டு போர் முயற்சிக்குத் துணை நின்னது. 1963-ல 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. வேட்பாளரா நிக்கணும்னாலும், எம்.எல்.ஏ., எம்.பி.யா உட்காரணும்னாலும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன்னு உறுதிமொழி எடுக்கணும். யாரை மனசுல வெச்சு வந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். மாநிலங்களவையில அண்ணா அதை எதிர்த்துப் பேசினார். இறையாண்மை மக்கள்கிட்ட இருக்கு, சட்ட அதிகாரம் ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் பகிரப்பட்டிருக்குங்கிறது அவர் வாதம். திருத்தம் நிறைவேறிச்சு. கழகம் கோரிக்கையைக் கைவிட்டது. பிரிவினைக்கான காரணங்கள் மட்டும் அப்படியே இருக்குன்னும் அண்ணா சேர்த்தே சொன்னார்.

"பயந்து விட்டுட்டீங்க"ன்னு தமிழ்த்தேசிய நண்பர்கள் கேக்குறாங்க. இதுக்கு "போடா"ன்னு பதில் சொல்லாதீங்க, அது நியாயமான கேள்வி. பெரியார் கடைசி வரைக்கும் விடலைங்கிறதும் உண்மை. ஆனா 1963-ல அண்ணா கையில இருந்த கணக்கைப் பாருங்க. திராவிட நாடுன்னா நாலு மொழி. 1956 நவம்பர் 1-ல மொழிவழி மாநிலம் வந்தப்புறம் ஆந்திராவுலயோ கேரளாவுலயோ மைசூர்லயோ அதைக் கேக்க ஆள் இல்ல. ஈ.வெ.கி. சம்பத் 1961-லயே இது நடக்காத காரியம்னு விமர்சிச்சு வெளியே போயிட்டார். பெரியாருக்குத் தேர்தல் இல்ல, அதனால அவரால பேச முடிஞ்சது. கழகம் விடாம இருந்திருந்தா 1967-ல வேட்புமனுவே போட்டிருக்க முடியாது. ஆட்சி இல்ல, சுயமரியாதைத் திருமணச் சட்டம் இல்ல, இருமொழிக் கொள்கை இல்ல, "தமிழ்நாடு"ங்கிற பேருக்கான தீர்மானம்கூட இல்ல. என் தனிப்பட்ட கருத்து, அண்ணா எடுத்த முடிவுகள்லயே கஷ்டமானது அதுதான். மேடையில கைதட்டல் வாங்கிக் கொடுத்த ஒரு கோரிக்கையை, கைதட்டின அதே கூட்டத்துக்கு முன்னால இறக்கி வைக்கணும்.

அடுத்து சொல்றதை நிதானமா கேளுங்க. கழகம் பிறந்த அதே 1949-ல, டிசம்பர்ல, இலங்கையில தந்தை செல்வா தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அவங்க கேட்டது தனிநாடு இல்ல, கூட்டாட்சி. நாம தனிநாட்டுல ஆரம்பிச்சு மாநில சுயாட்சிக்கு வந்தோம். அவங்க கூட்டாட்சியில ஆரம்பிச்சு தனிநாட்டுக்குத் தள்ளப்பட்டாங்க. ஏன்?

1956-ல இங்கே மொழிவழி மாநிலம், அங்கே சிங்களம் மட்டும் சட்டம். 1957-ல பண்டாரநாயக்கா செல்வாவோட ஒப்பந்தம் போட்டார், அடுத்த வருஷமே கிழிச்சார். 1965-ல டட்லி சேனநாயக்கா போட்ட ஒப்பந்தமும் காத்துல போச்சு. எழுபதுகள்ல பல்கலைக்கழகத்துல தமிழ்ப் பிள்ளைகளுக்கு எதிரா தரப்படுத்தல். 1976 மே மாதம்தான் வட்டுக்கோட்டைத் தீர்மானம். 27 வருஷம் கூட்டாட்சி கேட்டுக் கிடைக்காம போனதுக்கு அப்புறம்! 1983 ஜூலைப் படுகொலை முடிஞ்ச சில நாள்லயே, ஆகஸ்ட்ல, 6-ஆவது திருத்தம். பிரிவினையை ஆதரிக்க மாட்டேன்னு உறுதிமொழி எடு. கிட்டத்தட்ட நம்ம 16-ஆவது திருத்தம் மாதிரியே. கூட்டணி எம்.பி.க்கள் எடுக்க மறுத்து பதவியை இழந்தாங்க. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பின குரல் நாடாளுமன்றத்தை விட்டுப் போச்சு. அப்புறம் என்ன நடந்ததுன்னு முள்ளிவாய்க்கால் வரைக்கும் உங்களுக்குத் தெரியும்.

இங்கே உறுதிமொழி எடுத்த கட்சி நாலே வருஷத்துல கோட்டையில உட்கார்ந்தது. 1965 மொழிப்போர்ல உயிர்கள் போச்சு, ஆனா 1967 டிசம்பர்ல ஆங்கிலம் தொடர சட்டப் பாதுகாப்பும் கிடைச்சது. நியாயமா சொல்லணும்னா டெல்லி அன்னைக்கு சில கதவுகளைத் திறந்து வெச்சது. கொழும்பு ஒண்ணொண்ணா சாத்தினது. அதனால "பிரிவினைவாதி"ன்னு நம்மளைப் பாத்து விரல் நீட்டுறவங்ககிட்ட நாம திருப்பிக் கேக்கலாம்: கதவைத் திறக்கச் சொல்றவன் பிரிவினைவாதியா, சாத்துறவனா?

வெளிநாட்டு உதாரணம் நிறைய பேர் போடுறீங்க, வேகமா சொல்லிடறேன். ஸ்காட்லாந்துல 2014-ல வாக்கெடுப்பு நடந்தது, ஆனா லண்டன் ஒப்புக்கிட்டதால. மறுபடி நடத்த லண்டன் சம்மதம் வேணும்னு 2022-ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. கனடாவுல கியூபெக் 1995-ல ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் அதிகமான வித்தியாசத்துல தோத்தது. 1998-ல கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியம்: தன்னிச்சையா பிரிய உரிமை இல்ல, ஆனா தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை வந்தா மத்தவங்க உட்கார்ந்து பேசியே ஆகணும். இந்தியச் சட்டத்துல அந்த ரெண்டாவது பாதி இல்ல. எத்தியோப்பியா 1995-ல பிரியும் உரிமையை அரசியல் சட்டத்துலயே எழுதி வெச்சது. எழுதி வெச்சும் டிக்ரேல போர் நடந்தது. பேப்பர்ல உரிமை இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நம்பாதீங்க.

இப்போ ஒரு எச்சரிக்கை, இது நம்ம அணிக்கே. 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதா அமல்ல இருக்கு. அதுல பிரிவு 152. பிரிவினையைத் தூண்டினா, தூண்ட முயற்சி பண்ணினா, ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். பேச்சு, எழுத்தோட "மின்னணுத் தகவல் தொடர்பு"ன்னும் அதுல எழுதியிருக்கு. அதாவது உங்க போன். 1967-லிருந்து உபா சட்டம் வேற இருக்கு, பிரிவினைக் கோரிக்கையை ஆதரிச்சாலே அதுல "சட்டவிரோதச் செயல்". 1984 அக்டோபர் 31-ல சண்டிகர்ல காலிஸ்தான் கோஷம் போட்டாங்கன்னு ரெண்டு பேர் மேல வழக்கு. சும்மா கோஷம் போட்டது தேசத்துரோகம் ஆகாதுன்னு உச்ச நீதிமன்றம் விடுவிச்சது 1995-ல. பத்து வருஷத்துக்கும் மேல. கேம்பஸ் இன்டர்வியூக்குத் தயாராகிட்டு இருக்கிற ஒரு தம்பியோட பத்து வருஷம்னா என்னன்னு யோசிங்க. உங்க வீட்டுக்கு சம்மன் வந்தா அந்த மீமுக்கு லைக் போட்ட ஐநூறு பேர் வர மாட்டாங்க.

சட்டத்தை விடுங்க, நம்ம ஏரியாவைப் பாருங்க. தாம்பரத்துல விமானப்படை தளம், ரயில்வே காலனி, மெப்ஸ், பல்லாவரத்துல கன்டோன்மென்ட், மீனம்பாக்கத்துல ஏர்போர்ட். ஒன்றிய அரசு பென்ஷன் வாங்குற தாத்தா இருக்கிற தெரு எத்தனை! பொண்ணு பெங்களூர்ல, பையன் ஹைதராபாத்ல வேலை பாக்குற வீடு எத்தனை! "தனி நாடு"ன்னு நீங்க எழுதுறது அந்த வீட்டுல என்னவா கேக்கும்? அவங்களும் நம்ம ஓட்டுதான்.

அதே வீட்டுக்காரர்கிட்ட மெட்ரோ பத்திப் பேசுங்க, உடனே புரியும். மேடவாக்கம் ரோட்டுல தூண் எழும்பிக்கிட்டே இருந்த வருஷங்கள்ல இரண்டாம் கட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் வரலை. மாநில அரசு தன் பணத்துலயும் தன் கடன்லயும் ஓட்டிச்சு. 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 3-லதான் ஒப்புதல். நிதிப் பங்கு: 15-ஆவது நிதிக்குழு நமக்குக் கொடுத்தது 4.079 சதவீதம். 2011 சென்சஸ்படி நம்ம மக்கள்தொகை நாட்டுல ஏறக்குறைய 6 சதவீதம். செஸ், சர்சார்ஜ்ல வர்ற பணம் அந்தப் பகிர்வுக்கே வராது. தொகுதி: 1962-ல நமக்கு 41 எம்.பி., 1967-லிருந்து 39. மறுவரையறைன்னா என்னன்னு அந்த ரெண்டு சீட்டுல இருந்து ஆரம்பிச்சு சொல்லுங்க.

பிரிஞ்சு போறேன்னு சொல்றவனுக்கு டெல்லி போலீஸை அனுப்பலாம். என் பங்கு எங்கேன்னு கேக்குறவனுக்குக் கணக்கைத்தான் காட்டணும், அதுதான் அவங்களுக்குக் கஷ்டம். கலைஞர் 1969-ல ராஜமன்னார் குழுவைப் போட்டார், 1971-ல அறிக்கை வந்தது, 1974 ஏப்ரல்ல சட்டமன்றத்துல மாநில சுயாட்சித் தீர்மானம். அந்த வருஷ ஆகஸ்ட் 15-லதான் முதல் முறையா முதலமைச்சர்கள் கோட்டையில கொடி ஏத்தினாங்க, அதுவரைக்கும் ஆளுநர்தான். அதுக்கான விலையும் கொடுத்தோம்: 1976, 1991, ரெண்டு முறை நம்ம ஆட்சி கலைப்பு. 1994-ல பொம்மை வழக்குத் தீர்ப்பு வந்தப்புறம் தமிழ்நாட்டுல 356 பாயலை. 2025 ஏப்ரல்ல முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் குரியன் ஜோசப் தலைமையில உயர்நிலைக் குழு அறிவிச்சார். எல்லாமே வெற்றின்னு சொல்ல மாட்டேன். அதே ஏப்ரல்ல ஆளுநர் வழக்குல பத்து மசோதா ஜெயிச்சோம். நவம்பர்ல குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு அரசியல் சாசன அமர்வு, ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. ரெண்டையும் சேர்த்துத்தான் பதிவு போடணும். பாதியை மறைச்சா அடுத்த தடவை நம்ம கார்டை யாரும் நம்ப மாட்டாங்க.

குரூப்ல யாராவது தம்பி தனி நாடுன்னு எழுதினா பொதுவுல திட்டாதீங்க. தனியா கூப்பிட்டு அழிக்கச் சொல்லுங்க, பதிலுக்கு இந்த எண்கள்ல ஒண்ணைக் கொடுத்து எழுதச் சொல்லுங்க. அடுத்த வகுப்பு நிதிக்குழு கணக்கு பத்தி. லேப்டாப் இருக்கிறவங்க கொண்டு வாங்க, எக்ஸெல்ல போட்டே பார்த்திடலாம்.

#மாநிலசுயாட்சி #அண்ணாவழியில்