மலை இறங்கும் முதுமை

லிந்துலை மலையில் கொழுந்துக் கூடையுடன் ஏறுவது கடினம். முதுமையில் அதனினும் கடினம் இறங்குவது. ஏறினால் மூச்சு வாங்கும். சற்று நின்றால் தணியும். இறங்கும்போதோ ஒவ்வோர் அடியிலும் உடற்பாரத்தையும் கூடைப் பாரத்தையும் தொடைத் தசைகளே தாங்கி நிறுத்த வேண்டும். வயது ஏற ஏறத் தசை தேய்கிறது. சுமை முழங்காலின்மீது விழுகிறது.

நாள் முழுதும் மலையில் உழைப்பவளுக்குப் பயிற்சி எதற்கு என்பர். நிரையில் அவள் நிற்கும் நேரமே மிகுதி. கால் மடங்கி நிமிரும் நேரம் சிறிது. மாலையில் லயத்து வாசலில் வாங்கில் அமர்ந்து, கை ஊன்றாமல் 10 முறை எழட்டும். பின்னர்ச் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கட்டும். வலித்தால் நிறுத்தட்டும்.

கிலோக் கணக்கு முதுமைக்கு இரங்குவதில்லை; கூடையை நிறைத்து ஒரே நடையாக இறங்கத் தோன்றும். இரு நடையாக இறங்கட்டும். நேரம் சிறிது நட்டமாகும்; கழுத்தைக் கயிறு இழுப்பது குறையும்.